அம்சாவின் பாட்டில் இரண்டு நிமிடம்

1999 மார்ச் 8, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் துரைக்கண்ணுவின் தறி நிமிடத்துக்கு நூற்றிருபத்தெட்டு முறை அடிக்கத் தொடங்கியது. துரைக்கண்ணு அதில் உட்கார்ந்திருந்தார். அன்று வரை நாற்பதைத் தாண்டாத தறி அது. பதினைந்து நாள் பிடிக்கும் பட்டுப் புடவை மறுநாள் மாலைக்குள் முடிந்தது. அவர் கை நிற்கவில்லை.

அதே காலையில் அவர் மனைவி அம்சாவின் கேசட் சென்னைக் கடைகளுக்கு வந்திருந்தது. அம்சா சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர். ஆடி மாதக் கூழ் வார்க்கும் மேடைகளில் பத்து வருடம் பாடியவரை, சின்ன காஞ்சிபுரத்து வடமொழி ஆசிரியர் ஒருவரின் மகனான ஸுதர்சன், சாலிகிராமத்தில் இருந்த தன் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். அவர் கணினியில் நடன இசை செய்பவர். பெரிய ஓட்டல்களின் ஆடுதளங்களில் அது ஓடும். கணவரின் தறிச் சத்தத்தோடு கட்டிய பாட்டுகள் என்பதால் அம்சாவுக்கு வேறு தாளத்தில் குரல் எழும்பவில்லை. தறியின் அடியையே பதிவு செய்து, ஆடுதள வேகமான நூற்றிருபத்தெட்டுக்கு ஏற்றித் தாளமாக வைத்துக்கொள்ளலாம் என்றார் ஸுதர்சன். பாவு நூல் ஏற்றாத தறியே போதும், பலகையை நாலு தட்டுத் தட்டினால் முடிந்தது என்றும் சொன்னார். வெறும் தறியை அடித்தால் வீட்டுக்கு ஆகாது என்பது நெசவுத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். அம்சா பாவு ஏற்றிய தறியில் கணவரை உட்காரவைத்து, அவர் நெய்ய நெய்யப் பதிவு செய்யச் சொன்னார். தவறு அங்கே நடந்தது. வெறும் தறியை அடித்திருந்தால் தறி மட்டும் ஓடியிருக்கும்.

"இன்னா அம்சா, உம் புருஷனுக்குக் கரெண்ட் இழுத்து வுட்டுட்டியா?" என்று எதிர்வீட்டு நீலாம்பாள் சிரித்தார். மூன்றாம் நாள் அவரும் சிரிக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து துரைக்கண்ணுவைத் தறிக்குழியிலிருந்து தூக்கினார்கள். வெளியே வந்ததும் மூச்சு நின்றது. உள்ளே இறக்கியதும் வந்தது. ஊட்டிய கஞ்சி உடம்பின் ஆட்டத்தில் மார்பில் சிந்தியது. "கை என் பேச்ச கேக்கலமா. அந்தத் தம்பிகிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

அம்சா பஸ் ஏறிச் சாலிகிராமம் போனார். ஸுதர்சன் நம்பாமல் இல்லை. ஆனால் கேசட் துபாய்வரை போயிருந்தது.

"கொஞ்சம் மெதுவா வச்சுக் குடுப்பா."

"மெதுவா வச்சா எவன்க்கா ஆடுவான்?"

ஆடுகிறவர்கள் மூச்சு வாங்குவதற்காக நடுவில் அடியை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் விடுவது உண்டு, அதற்கு பிரேக் என்று பெயர் என்றார்.

"எவ்ளோ நேரம் வுடுவே?"

"முப்பது செகண்ட்."

"முப்பது செகண்டுல நீ சோறு துன்னுவியா? ரெண்டு நிமிஷம் வுடு."

இரண்டு நிமிடம் விட்டால் விற்காது என்றது கேசட் கம்பெனி. பாட்டின் உரிமை முழுவதையும் அம்சா எழுதிக் கொடுத்த பிறகு ஒப்புக்கொண்டது.

ஐந்தாம் நாள் புது வடிவம் வந்தது. அன்றிலிருந்து தறி நாலு நிமிடம் அடித்து இரண்டு நிமிடம் நின்றது. அந்த இரண்டு நிமிடத்தில் துரைக்கண்ணு சாப்பிட்டார், குளித்தார், வாசல்வரை நடந்தார், தூங்கவும் பழகினார். கடைசியாக எது விற்பனைக்கு வந்ததோ அதன்படியே தறி ஓடியது. மும்பையிலோ கோலாலம்பூரிலோ யாராவது பிரேக் இல்லாமல் ஒரு வடிவம் வெளியிட்டால், அம்சா அதே வாரம் அங்கே போய் இன்னொன்றைப் பாடி, கம்பெனி அனுமதியோடு வெளியிட வைத்தார். ஆறு வருடத்தில் பதினோரு இசைக்காரர்களோடு பத்தொன்பது வடிவங்கள் வந்தன. ஒவ்வொன்றின் இடைவெளிக்கும் புதிதாக வரிகள் எழுதினார். தாளமில்லாத அந்த நீண்ட இடைவெளியே அவரது முத்திரை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அவ்வளவு நேரம் தாளத்தை நிறுத்தும் துணிச்சல் எப்படி வந்தது என்று ஒரு வாரப் பத்திரிகை கேட்டது. "எங்க வூட்டுக்காரர் சாப்புடணும் இல்ல?" என்றார். அதை நகைச்சுவைப் பெட்டிச் செய்தியாகப் போட்டார்கள்.

2005 ஜூன் மாதம் கம்பெனி அந்தப் பாட்டை செல்போன் ரிங்டோனாக விற்றது. இருபது விநாடி, முழுக்க அடி, பிரேக் இல்லை. அம்சா இருபதாவது வடிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். உடன் ஸுதர்சனும் போனார். ரிங்டோன் நன்றாகப் போகிறது, இனி புது வடிவம் எதுவும் தேவையில்லை, வெளியே கொடுக்கவும் உரிமை இல்லை என்று கம்பெனியில் சொன்னார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த செல்போன் அந்தப் பாட்டில் ஒலித்தது. மேலாளர் எடுத்து ஹலோ என்றார்.

ரிங்டோன் வந்த ஆறாம் நாள் துரைக்கண்ணு இறந்தார். தறி நின்றது, கை நிற்கவில்லை. சுடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாடையில் அது இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. தூக்கியவர்களின் கால்களும் அந்தக் கணக்குக்கு வந்துவிட்டதால், வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.