நிரப்பக்கூடாத பீப்பாய்

வியாழக்கிழமை தொலைபேசியில் மகள் சில்வி முடிவாகச் சொன்னாள். “வீட்டுல என்ன மறந்தாலும் சரிம்மா. நிலவறையில அப்பா ஒரு தப்பு பண்ணட்டும், அன்னிக்கே வந்து ரெண்டு பேரையும் லியோனுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன். வீட்டைப் பூட்டிடலாம்.”

“என் பேரை மறப்பாரு. பீப்பாயை மறக்க மாட்டாரு” என்றாள் ஜினெத்.

சனிக்கிழமை காலை பெல்ஜியத்திலிருந்து ஐந்து பேர் ஒயின் சுவைக்க வந்தார்கள். ஜினெத்தின் கணவர் அர்மான் நீலக் கோட்டு போட்டு, சவரம் செய்து தயாராக நின்றார். வெளிறிய சிவப்பு, வெள்ளை, வைக்கோலில் உலர்த்திய பழத்தின் இனிப்பு ஒயின் என்று வரிசை பிசகாமல் ஊற்றினார். கொள்ளுத்தாத்தா காலத்தில் வேரைத் தின்னும் பூச்சி வந்து ஜூரா மலையடிவாரத்தில் திராட்சைக்கொடியே இல்லாமல் போனதையும், அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டதையும் சொன்னார். ஆண்டுகள் எல்லாம் சரியாக இருந்தன. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று மட்டும் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை ஜினெத் பாலாடைக்கட்டித் தட்டை நடுவில் நீட்டினாள்.

பிறகு நிலவறைக்கு இறங்கினார்கள். ஒன்பது பீப்பாய்கள். நான்கு வருடமாக முதிர்ந்துவரும் மஞ்சள் ஒயின்.

“இதுக்கு ஒரே சட்டம். மத்த பீப்பாயில குறையக் குறைய நிரப்பணும். இதுல கை வைக்கக்கூடாது. ஆறு வருஷம் மூணு மாசம். வத்தினா வத்தட்டும். மேல பால்ல படியற மாதிரி வெள்ளையா ஒரு ஆடை படியும். அதுதான் இதோட உயிர். அது மூழ்கினா எல்லாம் போச்சு.”

“குறையறதெல்லாம் எங்க போகுது ஐயா?” என்றார் ஒரு வழுக்கைத் தலையர்.

“எனக்குள்ளதான். இவகிட்ட சொல்லிடாதீங்க.”

“உன் மூக்கே சொல்லுதே” என்றாள் ஜினெத். எல்லோரும் சிரித்தார்கள்.

அர்மான் முதல் பீப்பாயின் வயிற்றில் விரல் முட்டியால் தட்டினார். கனத்த ஓசை. “இது ஒயின். இப்ப மேல கேளுங்க, வெறும் காத்து.”

மேலே தட்டினார். அதே கனத்த ஓசை.

இன்னொரு முறை தட்டினார். அடுத்த பீப்பாய்க்குப் போனார். அதற்கடுத்ததற்கும். ஒன்பதாவதின் அடைப்பைப் பிடுங்கினார். ஒயின் விளிம்புவரை நின்றது. அந்த வெள்ளை ஆடை கிழிந்து துணுக்குகளாக அதில் மிதந்தது.

சுவரோரம் ஒரு நிரப்பும் கேன் இருந்தது. கைப்பிடியில் அர்மானின் கைக்குட்டை கட்டியிருந்தது. ஜினெத் நகர்ந்து அதை மறைத்து நின்றாள்.

“யாரு இங்க இறங்கினது?” அர்மானின் குரல் உடைந்தது. “எந்தப் பாவி? போலீஸைக் கூப்பிடறேன். சில்விக்குப் போன் போடு.”

“நான்தான்” என்றாள் ஜினெத்.

அவர் அவளைப் பார்த்தார்.

“நாப்பத்தாறு வருஷம் இந்த வீட்டுல இருந்திருக்கே” என்றார்.

வந்தவர்கள் சத்தமில்லாமல் படியேறினார்கள். வழுக்கைத் தலையர் இரண்டு கைகளாலும் அவள் கையைப் பற்றிவிட்டுப் போனார். அவள் திரும்பி இறங்கிக் கைக்குட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் உருளைக்கிழங்கு சூப்பின் எதிரே உட்கார்ந்து, ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்த அர்மான் நிறுத்தினார்.

“உம்மேல கோவமா இருக்கேன். எதுக்குன்னு வரமாட்டேங்குது. என்ன பண்ணே?”

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாளைக்கே அவர் கீழே போவார், தட்டிப் பார்ப்பார், சில்விக்குப் போன் போடுவார். அப்போது அவள் பக்கத்தில் இல்லாமல் போகலாம்.

“பீப்பாயை நிரப்பிட்டேன்.”

“எதை?”

“மஞ்சளை.”

“எத்தனை?”

“ஒம்போதும்.”

கத்தி மேசையில் விழுந்தது. காலையில் பார்த்த முகம் புதிதாக மறுபடி வந்தது.

“ஏன் ஜினெத்?”

இதற்கு அவள் பதில் யோசித்து வைக்கவில்லை.

“தெரியல. கொறஞ்சிருக்கேன்னு நிரப்பிட்டேன். சட்டம் ஞாபகம் வரல.”

கோபம் போய்விட்டது. அதற்குப் பதில் அந்த முகத்தில் வந்ததைப் பார்க்க முடியாமல் அவள் சூப்பைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் அவள் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

“எப்பலேருந்து இப்படி?”

“கொஞ்ச நாளா.”

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன, கழுதை?”

“பயமா இருந்துச்சு.”

“சில்விக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிய வேண்டாம். உன்னை எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துடுவா.” அவள் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். “நான் பாத்துக்கறேன். நிலவறைப் பக்கம் மட்டும் தனியா போகாதே.”

ரொட்டியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிய்த்து அவள் சூப்பில் போட்டார். ஊறியதும் ஸ்பூனை அவள் கையில் கொடுத்தார். அவள் சாப்பிட்டாள். முழுக்கச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.