கள்ளச் சுவிச்

விற்கிறவன் சிரித்தால் எனக்குச் சந்தேகம் வரும். மாங்குளத்தில் பழைய பைக் விற்கிற கடைக்காரன் எங்களைக் கண்டதுமே சிரித்தான். நான் லக்சிகாவின் கையைப் பிடித்து, "வா, போவம்" என்றேன்.

"வந்ததுக்கு ஒருக்காப் பாத்திட்டாவது போவம் அம்மா."

லக்சிகா என் ஒரே மகள். விவசாயப் போதனாசிரியையாக நியமனம் கிடைத்து, மாங்குளத்துக்கு உள்ளே கிரவல் ரோட்டு ஊர்களுக்குப் போய்வருகிறாள். எங்களுடைய பழைய ஸ்கூட்டி மாரியில் புதைந்தும் கோடையில் சறுக்கியும் அவளை விழுத்தி எடுத்துவிட்டது. பெரிய பைக் ஒன்று இல்லாமல் இந்த வேலை சரிவராது என்று நின்றாள். கியர் பைக் எங்கே ஓடிப் பழகினாய் என்று கேட்டேன். "ஓட்டம் பழக்கிற லேனர்ஸிலை" என்றாள்.

பெண்பிள்ளைக்கு எதற்குப் பெரிய பைக் என்று எங்கள் ஊர் கண்டாவளை முழுக்கக் கேட்டது. எனக்கு அதில் பிரச்சினையே இல்லை. லான்ட்மாஸ்ரர் பிடித்து என் வயலை நானே உழுகிறவள் நான். எவன் எந்த உடைசலை எங்கள் தலையில் கட்டப் போகிறான் என்பதுதான் என் கவலை. கமலாசனி ஒரு சந்தேகப்பிராணி என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதைக்கட்டும். கடைசிச் சண்டையில் என் மனிசனை இழந்து, சின்னப்பிள்ளையான இவளை இழுத்துக்கொண்டு முகாமுக்குப் போனவள் நான். யார் என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல், வீட்டுக் கதையை வெளியில் விடாதே என்று அங்கே வைத்துத்தான் அவளைப் பழக்கினேன். ஒருவரையும் நம்பாததால்தான் அவளை உயிரோடு கொண்டுவந்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாங்குளம் பைக் உயரம். லக்சிகா குட்டை. ஏறி இருந்தால் கால்விரல் நுனி மட்டும் நிலத்தில் முட்டியது. பைக் ஒருபக்கம் சரியக் கடைக்காரன் ஓடிவந்து பிடித்தான். நான் குந்தியிருந்து அடியில் பார்த்தேன். ஒட்டு வைத்து, அதற்கு மேல் பெயின்ற் அடித்திருந்தார்கள். வேண்டாம் என்றேன். "எனக்கும் பிடிக்கேல்லை" என்றாள் அவளும். கிளிநொச்சியில் பார்த்த அடுத்த பைக் நீலமாகப் புகைத்தது. அதற்கும் அவள், "விடுங்கோ அம்மா, வேற பாப்பம்" என்றாள். சட்டிக்குள் உப்புக் கூடியதற்கே என்னோடு மல்லுக்கு நிற்கிறவள், இப்போது மட்டும் நான் சொல்வதற்கெல்லாம் ஓம் போடுகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் உதைத்தது.

பிறகுதான், "முகநூலிலை ஒண்டு கிடக்கு, முல்லைத்தீவுப் பக்கம், சிலாவத்தையிலை" என்றாள். பஸ் பிடித்துப் போனோம். உடையார்கட்டு தாண்டியதும் அவள் போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக வந்தாள். "விலையைக் குறைக்கச் சொல்லிக் கேக்கிறியோ?" என்றேன். "ஓம்" என்றாள்.

வீட்டு வாசலில் அந்தோனியார் படம். யூலிற்றா என்ற அந்த வீட்டம்மா, பெருநாளுக்குப் போகிற மாதிரிச் சேலை கட்டி நின்றா. விறாந்தையில் கதிரைகள் துடைத்துப் போட்டிருந்தன. மேசையில் பூப்போட்ட கோப்பைகளில் தேத்தண்ணியும் வெட்டி அடுக்கின கேக்கும். பைக் விற்கிற வீட்டில் கேக் எதற்கு? பைக்கில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது, அதை இனிப்புக் கொடுத்து மூடப்போகிறார்கள் என்று முடிவுகட்டினேன். விலை பேசி முடியும்வரை விற்கிறவர் வீட்டில் ஒன்றும் வாயில் வைக்கமாட்டேன். தேத்தண்ணி ஆறியது.

"எடுங்கோ அக்கா. கேக் நான்தான் செய்தனான். முட்டை போடேல்லை. இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே, நீங்கள் மச்சம் தொடமாட்டியள் எண்டு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பைக் பார்க்க வருகிறவள் வெள்ளியில் மீன், முட்டை தின்றால் இவவுக்கு என்ன, தின்னாவிட்டால் என்ன? முட்டை போடாத கேக் என்றால் இது பெரிய பிழையாகத்தான் இருக்கவேண்டும்.

பைக்கின் சொந்தக்காரன் அவவுடைய மகன் வின்சன். கடலுக்குப் போகிறவன். நல்ல நெடுவல். வாசல் நிலையில் தலை முட்டாமல் குனிந்துதான் வெளியே வந்தான். அவன் சிரிக்கவில்லை. வியர்த்துக்கொண்டு நின்றான். அது அதைவிடச் சந்தேகம்.

"ஏன் தம்பி விக்கிறீர்?"

"போட்டுக்குப் புது எஞ்சின் எடுக்கவேணும் அன்ரி."

"கடற்கரையிலை நிண்ட பைக்கிலை ஒரு துருக்கறள் இல்லை. புதுசா அடிச்சதோ?"

"இல்லை அன்ரி. ஓடி வந்த உடனை நல்லதண்ணியிலை கழுவிறனான்."

குந்தியிருந்து தடவிப் பார்த்தேன். ஒட்டு இல்லை. எண்ணெய்க் கசிவு இல்லை. ரயர் நல்லம். ஒன்றும் பிடிபடாததால் எனக்கு எரிச்சல் கூடியது. கடைசியில் சீற்றில் கை வைத்தேன். புது உறை. தையல் புதுசு.

"இது ஏன் மாத்தினது? விழுந்து கிழிஞ்சதோ?"

"விழேல்லை. பஞ்சை வெட்டிக் கொஞ்சம் பதிச்சனான்."

"உம்மடை உயரத்துக்குப் பதிச்ச சீற்றிலை இருந்தா முழங்கால் நாடியிலையெல்லே முட்டும்."

அவன் நிலத்தைப் பார்த்தான். யூலிற்றா குசினிப் பக்கம் பார்த்தா. அகப்பட்டுவிட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தோசம். அடிபட்ட பைக்தான் இது. எஞ்சின் சத்தத்தையும் கேட்டுவிட்டு எழும்பிவிட வேண்டியதுதான்.

"திறப்பைக் குடும். பிள்ளை ஸ்ராட் பண்ணிப் பாக்கட்டும்."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கம் பைக் களவு கூட. அதனால் பலபேர் கள்ளச் சுவிச் ஒன்று பூட்டி வைத்திருப்பார்கள். அதைத் தட்டாமல் திறப்பை எவ்வளவு திருகினாலும் எஞ்சின் மூச்சுக்காட்டாது. எங்களுடைய ஸ்கூட்டியிலும் இருக்கிறது. அது எந்த இடம் என்று வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். கூடப்பிறந்த தம்பிக்குக்கூட நான் காட்டவில்லை.

லக்சிகா ஏறி இருந்தாள். இரண்டு பாதமும் நிலத்தில் தட்டையாகப் பதிந்தன. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்தச் சீற் அவளுக்குப் பொருந்தியது. திறப்பைப் போட்டாள். ஒரு லைற்றும் எரியவில்லை. "அன்ரி, அதிலை ஒரு..." என்று வின்சன் வாயைத் திறக்க முன்னமே அவளுடைய கை ஓரிடத்துக்குப் போய், தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. பாராமலே தட்டினாள். பைக் பிடித்துக்கொண்டது. நல்ல சத்தம். ஒரு பிசிறும் இல்லை.

நான் அவளைப் பார்த்தேன். பிறகு பதித்த சீற்றை, முட்டை போடாத கேக்கை, வியர்த்து நின்ற அந்த நெடுவலை. பைக்கின் அடிவரைக்கும் குனிந்து தேடினேனே, என் பிள்ளையின் முகத்தை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தேனா?

"சுவிச் இருக்கிற இடம் உனக்கு ஆர் காட்டினது?"

அவள் எஞ்சினை நிற்பாட்டினாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இதிலைதான் அம்மா ஓடிப் பழகினனான்."

"வாய் திறந்து சொல்ல ஏலாதோ உனக்கு?"

"சொன்னா நம்பியிருப்பியளோ? ஆரோ பிள்ளையை மயக்கிப்போட்டாங்கள் எண்டு அடுத்த நாளே என்னை ஸ்கூட்டியிலை கட்டிக் கொழும்புக்கு அனுப்பியிருப்பியள். சொன்னா நம்பமாட்டியள் அம்மா. நீங்களாக் கண்டுபிடிச்சாத்தான் நம்புவியள்."

எனக்குக் கோபம் வந்தது. கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்கக் கை உன்னியது. வேதக்காரப் பொடியன், கடல் தொழில், எங்கள் சனம் என்ன கதைக்கும் என்று எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் ஓடியது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெட்கம் கிடந்தது. யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லப் பழக்கினேன். அந்த யாரில் நானும் ஒருத்தி ஆகிப்போனது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இப்போது எழும்பிப் போனால் அவள் பின்னால் வருவாள்தான். ஆனால் இதற்குப் பிறகு என்னிடம் ஒன்றுமே சொல்லமாட்டாள்.

யூலிற்றா மெல்ல, "நேர வந்து பொம்பிளை கேப்பமெண்டுதான் நான் சொன்னனான் அக்கா" என்றா. "உங்கடை பிள்ளைதான், அம்மா முதல் பைக்கைப் பாக்கட்டும், அவாவுக்கு அதுதான் லேசு எண்டவள்."

"பைக்கிலை பிழை இல்லை" என்றேன். "ஆளை நான் இன்னும் பாக்கேல்லை. அதுக்கு எனக்கு நாள் வேணும்."

"ஓம் அன்ரி" என்றான் வின்சன்.

ஆறின தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். இஞ்சி கூட. பிறகு எழும்பிப் பைக்குக்குக் கிட்டப் போனேன்.

"தம்பி, அந்தச் சுவிச் எங்கை இருக்கெண்டு எனக்கும் ஒருக்காக் காட்டும்."

லக்சிகா வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அவன் முழங்காலில் நின்று, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான். தட்டிப் பார்த்தேன். லைற் எரிந்தது.

எந்த இடம் என்று இங்கே சொல்லமாட்டேன். அது வீட்டாருக்கு மட்டும்.