சனிமூலையில் வந்த எலும்பு

ஊரில் பாதி வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியவன் நான். என் சொந்த வீட்டுக்குத் தோண்டும்போது முதுகு கெஞ்சியது; ஆனாலும் சனிமூலைக் குழியை இன்னொருவன் தொட விடவில்லை. முழங்கால் ஆழத்தில் கடப்பாறை முனைக்கு ஒன்று உருண்டு வந்தது. விரல் தடிமன், விரல் நீளம், ஒரு பக்கம் கூர்.

கொத்தனார் வைத்திலிங்கம், என் மச்சினன், அதைப் பார்த்ததும் மனைக்குக் கட்டிய நூலை அவிழ்த்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

“எலும்பு மாமா. மனையில எலும்பு வந்தா நான் கல்லு வைக்க மாட்டேன்.”

பால் செம்போடு நின்ற என் பெண்டாட்டி தனத்துக்கு முகம் செத்துவிட்டது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து தகரக் கொட்டகையில் வெந்தவள். மச்சினன் எழுந்து போனால் மனை அவ்வளவுதான். எங்கள் காரை கிராமத்தில் வேறு எந்தக் கொத்தனாரும் அதில் கால் வைக்க மாட்டான்.

“இது ஓடைப் பள்ளத்துல கெடக்குற விரல்கல்லு மாப்ள. காலேஜ் புள்ளைங்க சுத்தியலோட வந்து பொறுக்கிட்டுப் போவுதுங்களே.”

“ஓடையில கெடந்தா கல்லு. மனையில வந்தா எலும்பு.”

“கடல் சாமான்டா அது.”

“காரையில கடலா? காலையிலயே ஆரம்பிச்சுட்டியா மாமா?”

எனக்குக் கோபம் வரவில்லை. தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் படித்தவன் நான். மகள் விட்டுப்போன பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிலம் நகரும் பாடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மண் வெட்டியே தேய்ந்தவனுக்கு அதை விட்டால் வேறு எது பிடிக்கும்?

“ஆஸ்திரேலியாவும் தெக்க இருக்குற பனி நாடும் நம்மளும் ஒரு காலத்துல ஒட்டுன மனை. விரிசல் விட்டுப் பிரிஞ்சப்ப, தாழ்ந்த எடத்துல கடல் உள்ள ஏறிடுச்சு. நம்ம துண்டு வடக்க போயி முட்டித்தான் இமயமலையே எழும்பிச்சு. இங்க கடல் வடிஞ்சு போச்சு, அதுல கெடந்தது மண்ணுல தங்கிடுச்சு.”

“இன்னும் நகருதா?” என்றாள் தனம்.

“வருசத்துக்கு ஒரு கட்டைவிரல் நீளம்.”

“அடப்பாவி மனுசா! ஓடுற நெலத்துலயா எனக்கு வூடு கட்டப் பாத்த? செவுரு பொளந்துக்காதா?”

“அரியலூர்லேர்ந்து மீன் கூடையோட பஸ்ஸுல வர்ற. பஸ் ஓடுது, உன் கூடை ஓடுதா? வூடு, கோயிலு, டெல்லி எல்லாம் ஒரே பஸ்ஸுலதான் போவுது.”

“கண்டக்டர் யாரு மாமா?”

தனம் சிரிக்கவில்லை. அந்தக் கல்லைச் செங்கல் மேல் வைத்து, தம்பியின் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். இரண்டாய் உடைந்தது. உடைந்த முகத்தில் நடுவிலிருந்து சுற்றிலும் கோடுகள், வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி.

“எலும்புன்னா உள்ள தொளை இருக்கும். இது நெறஞ்சு கெடக்கு. என்ன உசுருய்யா இது?”

“கணவா மீன் மாதிரி ஒண்ணு. அதுக்குள்ள இருந்த கெட்டி ஓடு.”

தனம் தம்பியைப் பார்த்தாள். நல்ல மீனைக் கெட்டது என்று பேரம் பேசுகிறவர்களை அப்படித்தான் பார்ப்பாள்.

“ஏன்டா, கணவா ஓட்டை நான் தெனம் இந்தக் கையாலதான் உருவிப் போடறேன். என் வாசல் பூரா மீன் முள்ளு. அதுக்குத் தோசம்னா நீ ஒருநாளும் எங்க வூட்டுல கொழம்பு ஊத்தித் தின்னுருக்கக் கூடாது.”

“அது வேறக்கா…”

“எது வேற? மீனு மீனுதான். இது கொஞ்சம் பழசு.”

இரண்டு துண்டையும் குழியிலேயே போட்டு, அதன் மேல் பாலை ஊற்றினாள். வைத்திலிங்கம் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு சுற்றிய நூலை மறுபடி பிரிக்கத் தொடங்கினான்.

“செவுரு விரிஞ்சா நீதான் மாமா பூசணும்.”

“பூசறேன். மொதல்ல எழுப்புடா.”

அவன் சனிமூலையில் முதல் கல்லை வைத்தான். நான் கடப்பாறையை எடுத்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போனேன்.