யாருமற்ற துளி

லேண்டி காலையிலேயே ஆய்வகத்தின் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தாள். மெரிடா ஊர் நம்பிக்கைப்படி, இறந்தவர்கள் தாகத்தோடு வீடு திரும்பும் நாட்கள் அவை. வீட்டில் வைத்தது அப்பாவுக்கு. இது, உறவென்று யாருமில்லாத ஆன்மாவுக்கு.

"அப்ப ஒன் துளிக்குத்தான்," என்றான் பக்கத்து மேசை காஸ்பர். "ஆறரைக் கோடி வருஷமா கல்லுக்குள்ள கெடக்கு. அதுக்கு யாரு இருக்கா?"

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

துளி மைக்ராஸ்கோப்பின் கீழ் இருந்தது. விண்கல் விழுந்து உருகிய பாறைக்குள் கடல்நீர் இறங்கிக் கொதித்தது. பல லட்சம் ஆண்டுகள் அந்தப் பாறையைக் கரைத்துக் கரைத்து வேறு பாறையாக்கியது. அதில் ஒரு துளி படிகத்துக்குள் சிக்கிக்கொண்டது. ஆறியபோது நீர் சுருங்கி, உள்ளே ஒரு குமிழி உண்டானது. மறுபடி சூடாக்கும்போது குமிழி எந்த வெப்பத்தில் மறைகிறதோ, ஏறக்குறைய அந்த வெப்பத்தில்தான் துளி அன்று சிக்கியது. இரண்டு முறை ஒரே எண் வந்தால்தான் ஏற்பார்கள். அந்த ஆழத்திலிருந்து எடுத்த மற்ற துளிகள் வெடித்துவிட்டன. இதுவும் போனால் அவளுடைய மூன்று வருட ஆய்வும் போயிற்று.

முதல் முறை இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரியில் குமிழி மறைந்தது. ஆறவிட்டாள். குமிழி திரும்பி வந்து, யாரோ துரத்துவதுபோல் சுற்றியது.

இரண்டாம் முறை இருநூற்றுப் பன்னிரண்டைத் தாண்டியும் மறையவில்லை. பதினைந்து. இருபது. குமிழி சுற்றுவதை நிறுத்தி நடுவில் நின்றது.

"நிறுத்து, லேண்டி. பன்னெண்டுன்னே எழுதிடு. யாரு பாக்கப் போறா?"

"இது பாக்குதே."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. கை இன்னும் ஐந்து டிகிரி ஏற்றிவிட்டது. படிகம் சட்டென்று கறுத்தது. துளி இருந்த இடத்தில் விரிசலோடு ஒரு வெற்றுக்குழி.

காஸ்பர் சாப்பிடப் போனான். அவள் நோட்டில் முதல் எண்ணுக்குப் பக்கத்தில் 'கிடைக்கவில்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

ஜன்னலோரத் தம்ளரில் ஒரே ஒரு குமிழி. அது மேலே வரவில்லை, ஓரத்தில் ஒட்டவுமில்லை. தண்ணீரின் நடுவே சுற்றிக்கொண்டிருந்தது.

தொட்டுப் பார்த்தாள். தம்ளர் சுட்டது.

கையை இழுத்துக்கொண்டாள். கதவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து தம்ளரின் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். அதற்கென்று யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே.