இறங்காத துரைசாணி

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்தபோது மந்தின் ஊருக்குப் பக்கத்தில் மூங்கில் தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரே வெள்ளைக்காரியின் கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தன. பெயர் மிஸ் ஆக்னஸ் வின்டர். வயது எண்பதைத் தொட்டிருந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் கணுக்கால் மூடிய பாவாடையோடு ஆல்ப்ஸ், ஆண்டீஸ், இமயம் என்று ஏறியவள். ஏறியதையெல்லாம் புத்தகமாகவும் எழுதியவள். லண்டன் கனவான்கள் தங்கள் மலையேறும் சங்கத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்றார்கள். அந்தக் கோபத்தில் அவள் ஒவ்வொரு மலையிலிருந்தும் இறங்கும்போது கடைசியில் கொஞ்சம் இறங்காமலே விட்டுவிட்டாள். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த ஒரு சாண். முட்டி தேய்ந்த பிறகு, தோட்டத்துத் துரையாக இருந்த தம்பி மகனிடம் வந்து சேர்ந்தாள். பேய்க்குத்தான் கால் பாவாது என்று கூலிகள் குடியிருந்த லயத்துப் பெண்கள் முதலில் விபூதி பூசிக்கொண்டார்கள். பேய் மிளகு ரசம் குடித்துவிட்டு மூக்கைச் சிந்துமா என்று பங்களாவில் வேலைசெய்த ராக்கம்மா கேட்டபின் அந்தப் பேச்சு அடங்கியது. தம்பி மகன் சிங்கப்பூருக்குத் தப்பி ஓடியபோது, ஓடிப் பழக்கமில்லை என்று துரைசாணி இருந்துவிட்டாள். ஜப்பானிய அதிகாரி அவள் காலை நெடுநேரம் பார்த்தான். அவனுக்கு வந்த உத்தரவு தரையில் நிற்கும் வெள்ளைக்காரர்களைப் பற்றியது மட்டுமே என்பதால் திரும்பிப் போய்விட்டான்.

பங்களாவுக்குப் பின்னால் ஒரு மலை இருந்தது. துரைசாணி அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். அது மேடு என்பாள். ராக்கம்மாவுக்கோ கண்ணெல்லாம் அதன்மேல்தான். சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட அடுத்த லாரியில் ஏற்றக் கங்காணி சன்னாசி கொடுத்த பெயர்களில் அவள் புருஷன் மாயாண்டியும் இருந்தான். சயாம் போனவர் யாரும் அதுவரை திரும்பவில்லை. முந்தின லாரிக்குத் தப்பி மலைக்கு ஓடிய இருவரைச் சிப்பாய்கள் சிரமமே இல்லாமல் பிடித்துவந்தார்கள். மழை ஓயாத மாதம். செம்மண் சேற்றில் காலடிகள் பதிந்து காட்டிக்கொடுத்துவிட்டன. அவர்களுக்கு லயத்து வாசலில் விழுந்த அடியைக் கண்டபின் ஆண்கள் மலைப் பேச்சையே விட்டார்கள். ராக்கம்மா விடவில்லை.

பலத்த காற்றடித்தால் துரைசாணி ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய்விடுவாள். அதனால் கிணற்றடிக்கு அழைத்துப் போகும்போது பழைய மலைக் கயிற்றின் ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொள்வது ராக்கம்மாவின் வழக்கம். அப்படிப் போன ஒரு காலையில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். சேற்றில் துரைசாணியின் காலடி இல்லை, அது தெரிந்த விஷயம். கயிற்றில் கட்டியிருந்த ராக்கம்மாவின் காலடியும் இல்லை. குடத்தை அங்கேயே இறக்கி வைத்தாள்.

"தொரசாணி, நாளைக்கு லோரி வருது. எம்புருசனயும் மத்த ஆம்பளைங்களயும் கூட்டிக்கிட்டு மல ஏறணும்."

"எந்த மலை?"

"பின்னாடி நிக்குதே, அதான்."

"அது மேடு."

"மேடோ மலையோ, நீங்க முன்னுக்கு ஏறுனாத்தான் நாங்க பின்னுக்கு ஏற முடியும்லா."

துரைசாணி கண்ணுக்கு மேல் கைவைத்து முதன்முறையாக அதை முழுசாகப் பார்த்தாள். மேலே போய்ச் சேரும்வரை யாரும் கயிற்றை அவிழ்க்கக்கூடாது என்ற ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் நேரத்தில், கொட்டும் மழையில், துரைசாணிக்குப் பின்னால் ராக்கம்மா, அவளுக்குப் பின்னால் மாயாண்டி, பிறகு மற்ற ஆண்கள் என்று ஒரே கயிற்றில் ஏறினார்கள். கயிறு காலடியைத்தான் மறைத்தது, கனத்தை அல்ல. பாதி வழியில் பாறை வழுக்கி மாயாண்டியின் கணுக்கால் பிசகியது. கீழே லாரியின் இரைச்சல் கேட்டது. தன்னால் எல்லோரும் மாட்டிக்கொள்ளப் போகிறார்களே என்று அவன் முடிச்சில் கைவைத்தான்.

"என்ன விட்டுட்டுப் போயிரு புள்ள."

"அவுத்துப் பாரு. சப்பான்காரன் என்னா, நானே ஒன்ன சயாமுக்கு ஏத்தி விடுறேன்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். கயிறு ராக்கம்மாவின் இடுப்புத் தோலை உரித்தது. இழுத்தாள். துரைசாணி திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

கீழே சேறு மெழுகிய தரைபோல் சுத்தமாகக் கிடந்தது. மலைப்பக்கம் யாரும் போகவில்லை என்று முடிவுகட்டிய சிப்பாய்கள் சுங்கை காடுட் ஊர் வரை தேடிவிட்டுத் திரும்பினார்கள். போகிற போக்கில் சன்னாசி கங்காணிக்குக் கன்னம் பழுத்தது. அதற்காகத் தோட்டத்தில் யாரும் வருத்தப்படவில்லை. ஆண்களையும் துரைசாணியையும் உச்சிக் காட்டில் விட்டுவிட்டு ராக்கம்மா அன்றே தனியாக இறங்கிவந்தாள். கயிறில்லாமலும் தன் காலடி சேற்றில் விழாததைக் கண்டு, கால் தரையில் படாதது தெரியாதபடி சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனாள். சண்டை முடியும்வரை மரவள்ளிக்கிழங்கை மடியில் கட்டி மேலே கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். போய்வந்த ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்காமல் மிஞ்சியது. ஜப்பான்காரன் தோற்ற சேதி வந்ததும் ஆண்கள் எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். துரைசாணி இறங்கவில்லை. அதற்குள் அவள் மிதந்து மர உச்சிகளைத் தாண்டியிருந்தாள். நல்ல மலை என்று சொல்லி, தன்னைக் கீழே பிடித்திருந்த கயிற்றின் முடிச்சைத் தானே அவிழ்த்துக்கொண்டாள். திரும்பிவந்த தம்பி மகன் அத்தை எங்கே என்று கேட்டபோது ராக்கம்மா மேலே கையைக் காட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

கிழட்டு மரங்களில் உயரத்தில் வெட்ட மற்றவர்கள் ஏணி கேட்பார்கள். ராக்கம்மா கேட்டதில்லை, வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் அந்த மரங்களை அவளுக்கென்றே ஒதுக்கிவிட்டார். காற்றடிக்கும் நாட்களில் மட்டும் மாயாண்டி நொண்டிக்கொண்டே வந்து, அந்தப் பழைய கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்வான். வீடு வந்து சேரும்வரை அவிழ்க்கமாட்டான்.