பதினான்கு பாயிண்ட்

குளிர்பெட்டியின் தலைமாட்டில் மனைவி செல்வி, கால்மாட்டில் மகன் குணா, சுவரோரம் பாய் விரித்துத் தெருப் பெண்கள். மகள் பிரித்திகா உட்காரவில்லை. வந்த மாலைகளை வாங்கிப் பெட்டிமேல் வைத்துக்கொண்டிருந்தாள். இறந்துபோன லோகேஸ்வரனின் அக்கா செங்கமலம் மட்டும் உள்ளே வரவில்லை. பாலசமுத்திரத்திலிருந்து விடியுமுன் வந்துவிட்டவள், கேட்டுக்கு வெளியே ஆண்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள்.

குணாவின் கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்தது அந்தக் கோபம். லோகேஸ்வரன் சித்தூரில் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். தமிழ்ச் சொந்தங்களின் பெயர் தமிழில், தெலுங்குச் சொந்தங்களின் பெயர் தெலுங்கில் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். தெலுங்கு வீட்டில் வாழ்க்கைப்பட்ட செங்கமலத்தின் பெயர், செல்வியின் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பொடியாகத் தெரிந்தது. ஏன் என்று கேட்டாள். இரண்டும் ஒரே எழுத்தளவு, பதினான்கு பாயிண்ட்தான் என்றார் தம்பி. அதோடு விட்டிருக்கலாம். ஒரு பாயிண்டில் எத்தனை அணு என்று ஏர்பேட்டில் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மகளிடம் கேட்டார். அணுக்களை அளக்கும் அளவு ஆங்ஸ்ட்ராம், அது ஒரு கோடி சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். ஒரு பாயிண்டுக்கு முப்பத்தைந்து லட்சத்துச் சொச்சம் என்று அவள் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு பெயருக்கும் தலா நாலு கோடியே தொண்ணூற்று நாலு லட்சம், ஓர் அணுகூடக் குறையவில்லை என்று அக்காவிடம் போனில் படித்தார். கோடியைச் சொல்லி வாயை அடைக்கிறாயா என்று கேட்டுவிட்டு வைத்தவள், பிறகு பேசவேயில்லை.

பிரித்திகா தண்ணீர் பாட்டிலோடு வெளியே போனாள்.

"உள்ள வா அத்தே."

செங்கமலம் தண்ணீரை வாங்கிக்கொண்டாள். "அணுவையே அளக்கற பொண்ணாமே நீ. எம்பேர அளந்து சொல்லு, வரேன்."

"அளக்கறேன். காரியத்துக்கு நீ வந்து எங்க கூட ஒக்காரணும்."

"காரியத்துக் காயிதம் வரட்டும். எம்பேர பாத்துட்டு சொல்றேன்."

தெருவில் பாடையை இறக்கி வைத்தபோது, வாசல் தாண்டாமலே வந்து வாய்க்கரிசி போட்டாள். பாதி அரிசி கையிலேயே ஒட்டிக்கொண்டது. அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பிரித்திகாவும் குணாவும் கடையைத் திறந்தார்கள். அவள் பழைய கல்யாணப் பத்திரிகையைத் திரையில் பெரிதாக்கி அளந்தாள். இரண்டு வரியும் பதினான்குதான். ஆனால் பாயிண்ட் அளப்பது எழுத்தை அல்ல, எழுத்து நிற்கும் கட்டத்தை. தெலுங்கு எழுத்து, மேலே குறிகளுக்கும் கீழே தொங்கும் ஒட்டெழுத்துக்கும் இடம் விட்டு, அதே கட்டத்துக்குள் ஒடுங்கி நின்றது. அணுவுக்கும் ஓரம் என்று ஒன்று கிடையாது. பக்கத்து அணு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்துத்தான் அதன் அளவைச் சொல்வார்கள். அவளுக்குத் தெரிந்ததுதான். அன்று நைனா கணக்குக் கேட்டபோது பெருக்கத்தான் தோன்றியது.

காரியப் பத்திரிகையில் அத்தையின் வரியை மட்டும் பதினைந்தாக்கினாள், பதினாறாக்கினாள். பதினேழில் அத்தை பெயரும், பதினான்கிலேயே இருந்த மாமா பெயரும் தலை ஒத்து நின்றன.

"நைனா இருந்தா ஒத்துக்கினு இருப்பாரா?" என்றான் குணா. "படிச்சதும் கிழிச்சி போட்ற காயிதம்க்கா இது."

"படிப்பாங்க இல்ல? நைனா கணக்கு சரிதான்டா. அத்த கண்ணும் சரிதான்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப எத்தினி கோடி?"

"ஆறுக்குப் பக்கம்."

நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் மெஷினில் காகிதம் வைத்தான்.

மை காய்ந்ததும் முதல் பத்திரிகையை உறையிலிட்டு ஒட்டி, சாவுச் செய்தி என்று தெரிய மூலையில் கருப்புத் தடவி, அத்தையின் பெயரைத் தெலுங்கில் எழுதினாள் பிரித்திகா. பஸ் ஸ்டாண்டில் பாலசமுத்திரம் பஸ் புறப்பட நின்றது. அத்தையிடம் சேர்க்கச் சொல்லி உறையை நீட்டினாள். கண்டக்டர் கருப்பு மூலையைப் பார்த்து, போனது யாரம்மா என்று தெலுங்கில் கேட்டார். சொன்னாள். அவர் உறையை டிக்கெட் பையில் போடவில்லை. சட்டைப் பைக்குள் மடங்காமல் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு விசில் கொடுத்தார்.