ஒத்தக்கடையில் ஒரு வாக்குத்தத்தம்

லாசர் வாத்தியார் களைத்துப்போயிருந்தார். மிஷன் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் வேதபாடம் நடத்திய களைப்பு ஒரு பங்கு என்றால், மனைவி பாக்கியத்தோடு ஐந்து மாதமாகச் சனிக்கிழமைதோறும் ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறிய களைப்பு மூன்று பங்கு.

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்த வசன அட்டைகளில் ஆளுக்கு ஒன்று; அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு அதுதான். 1979-இல் பாக்கியத்தின் கைக்கு வந்தது ஆபிரகாமுக்குச் சொன்ன வாக்கு: நடந்து பார், இந்த நிலத்தை உனக்குத் தருவேன் என்று. மே மாதம் லாசர் ஓய்வு பெற்றதும் பள்ளி வீட்டைக் காலி செய்ய வேண்டும். போக இடமில்லாத நேரத்தில் இப்படியொரு அட்டை வந்தால் அவள் சும்மா இருப்பாளா? ஒத்தக்கடையில் ஒரு கடலைக்காட்டைக் கல் ஊன்றி மனையாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பிடித்துக்கொண்டாள். வாராவாரம் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜெபித்தபடியே மனையை ஏழு சுற்று நடந்தாள். ஏழு என்பது யோசுவா படையோடு சுற்றி வந்து விழவைத்த எரிகோ கோட்டையின் கணக்கு. ஆபிரகாமையும் யோசுவாவையும் அவள் போட்டுக் குழப்பிக்கொண்டதை வாத்தியார் திருத்தவில்லை. திருத்தவும் தெம்பு வேண்டுமே.

திங்கட்கிழமை பத்திரப் பதிவு. அதற்கு முந்திய சனிக்கிழமை போனபோது, மனைக்குள் ஒச்சாயி கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபட்டவள். காட்டுக்காரர் விற்றுவிட்டார், இந்த வெள்ளாமையோடு அவள் வெளியேற வேண்டும். வெறுங்காலோடு சுற்றி வருவது என்ன வேண்டுதல் என்று அவள் கேட்க, இது சாமி எங்களுக்குக் கொடுத்த இடம் என்று பாக்கியம் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

ஒச்சாயி கோபப்படவில்லை. கையிலிருந்த செடியின் மண்ணை உதறினாள்.

"குடுத்தப்ப நான் இங்கனதான இருந்தேன். எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

பாக்கியம் நாலாவது சுற்றில் நின்றுவிட்டாள். ஆபிரகாமுக்குக் கொடுத்த தேசத்தில் அப்போது யாராவது குடியிருந்தார்களா என்று கணவரிடம் கேட்டாள். லாசருக்குப் பொய் சொல்லவும் அலுப்பாக இருந்தது. கானானியர் இருந்தார்கள், வாக்கு வந்த அதே அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது என்றார்.

"இம்புட்டு வருஷம் பாடம் நடத்துனீங்க. அதச் சொன்னதே இல்லையே?"

"அதுல பரீட்சைக்குக் கேள்வி வராது, பாக்கியம்."

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. அதனால் மீதியையும் சொன்னார். வாக்குப் பெற்ற ஆபிரகாம் சாகும்வரை கூடாரத்தில்தான் கிடந்தார். மனைவி சாராள் இறந்தபோது புதைக்க ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமில்லை. அந்த ஊர்க்காரர்கள் முன்னால் குனிந்து, நான் பிழைக்க வந்தவன், ஒரு கல்லறைக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டார். விலை கொடுத்து வாங்கினார். கடவுளே தருவதாகச் சொன்ன தேசத்திலும் அந்த மனிதர் கேட்டுத்தான் வாங்கினார், வாக்குக்கு அர்த்தமே அதுவாக இருக்குமோ என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது என்றார்.

வாத்தியார் சொன்னால் பாக்கியத்துக்கு அது வேதவாக்கு. நேரே ஒச்சாயியின் அருகில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அப்ப நாங்களும் கேக்குறோம், ஆத்தா. இந்த எடத்துல நாங்க குடியிருந்துக்கிறலாமா?"

ஒச்சாயி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"வேணாம்னு சொன்னா போயிருவீகளா?"

லாசர் பாக்கியத்தைப் பார்த்தார். பாக்கியம் மண்ணைப் பார்த்தாள். பள்ளி வீட்டில் சாமான்களை மூட்டை கட்டியாயிற்று. ஒரு கொட்டகை போட்டாவது இங்கே ஒண்டிக்கொள்ள வேண்டும், இன்னொரு இடம் தேட இரண்டு பேருக்குமே சக்தியில்லை. ஒச்சாயி குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினாள்.

திங்கட்கிழமை பத்திரம் பதிவாயிற்று.